சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும்: கையடக்கத் தொலைபேசியும் ஒலிமாற்றிகளும்

வானொலிப் பெட்டியைச் சுற்றிக் குடும்பமே அமர்ந்திருந்து செய்தியும் பாடலும் நாடகமும் கேட்ட காலம் ஒன்று இருந்தது. பின்னர் ஒலிநாடா வந்தது. அதன் பின்னர் இறுவட்டு வந்தது. இன்று அவை அனைத்தினதும் இடத்தைக் கையடக்கத் தொலைபேசி எடுத்துக்கொண்டுள்ளது. திருக்குர்ஆன் ஓதலாயினும், தேவாரமாயினும், நாதஸ்வரக் கச்சேரியாயினும், பழைய திரைப்படப் பாடலாயினும் எம்மில் பெரும்பாலானோர் இன்று அவற்றைக் கேட்பது இச்சிறு கருவியினூடாகவே ஆகும்.

இந்நிலையில், தொலைபேசியில் கேட்கும் ஒலியின் தரத்தை உயர்த்துவதாகக் கூறும் பலவிதமான கருவிகள் சந்தையை நிறைத்துள்ளன. விரல் நீளமேயுள்ள சிறு இணைப்பிகள் முதல் தொலைபேசியை விடப் பருமனான பெட்டிகள் வரை, சில நூறு ரூபா முதல் இலட்சம் ரூபாவைத் தாண்டும் விலைகளில் அவை விற்கப்படுகின்றன. ‘டி.ஏ.சி.’ எனச் சுருக்கமாக அழைக்கப்படும் இவ்வெளி ஒலிமாற்றிகள் உண்மையில் என்ன செய்கின்றன? யாருக்கு அவை தேவை? யாருக்குத் தேவையில்லை? வீட்டுச் செலவை ஒவ்வொரு ரூபாவாகக் கணக்கிட வேண்டியுள்ள இக்காலத்தில் இக்கேள்விகளுக்கு விடை தெரிந்திருப்பது அவசியமாகும்.

துவாரம் மறைந்த கதை

அப்பிள் நிறுவனம் 2016ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் தனது ஐபோன் 7 தொலைபேசியை அறிமுகப்படுத்தியபோது, இயர்போனைச் செருகும் 3.5 மில்லிமீற்றர் வட்டத் துவாரத்தை அதிலிருந்து நீக்கியது. 2017இல் கூகுளின் பிக்சல் 2, 2019இல் சாம்சங்கின் கலக்ஸி நோட் 10 என ஏனைய நிறுவனங்களும் அவ்வழியைப் பின்பற்றின. விலை குறைந்த தொலைபேசிகள் பலவற்றில் அத்துவாரம் இன்றும் உள்ளது. விலை கூடியவற்றில் அது ஏறத்தாழ மறைந்துவிட்டது எனலாம்.

அத்துவாரத்தின் பின்னால் ஒரு சிறு மின்சுற்று இருந்தது. தொலைபேசியில் எண்களாகச் சேமிக்கப்பட்டுள்ள பாடலை இயர்போன் ஏற்றுக்கொள்ளும் மின்சமிக்ஞையாக மாற்றியது அதுவே. துவாரம் நீக்கப்பட்டபோது இயர்போனுக்காக அவ்வேலையைச் செய்யும் பொறுப்பு தொலைபேசிக்கு வெளியே தள்ளப்பட்டது. ஆகவே, மின்னேற்றும் துவாரத்தில் இணைப்பி ஒன்றைச் செருகி இயர்போனைப் பயன்படுத்தும் பலர், தாம் அறியாமலேயே வெளி ஒலிமாற்றி ஒன்றைப் பாவித்து வருகின்றனர் என்பது குறிப்பிடத்தக்கது.

எண்கள் ஒலியாக மாறும் விதம்

ஒலி என்பது காற்றில் எழும் அதிர்வாகும். ஒலிவாங்கி அவ்வதிர்வை மின்னழுத்த மாற்றமாக ஆக்குகின்றது. அம்மின்னழுத்தத்தைச் சீரான இடைவெளிகளில் அளந்து எண்களாக எழுதி வைப்பதே டிஜிட்டல் பதிவு ஆகும். 1982ஆம் ஆண்டு சந்தைக்கு வந்த இறுவட்டில் இடது, வலது ஆகிய இரு தடங்களும் ஒரு செக்கனுக்கு 44,100 தடவைகள் வீதம் அளக்கப்படுகின்றன. ஒவ்வோர் அளவீடும் 16 பிட் நீளமுடையது. அதாவது 65,536 படிகளுள் ஒன்றாகக் குறிக்கப்படுகின்றது.

44,100 என்ற எண்ணுக்குத் தகுந்த காரணம் உண்டு. மனிதச் செவி ஏறத்தாழ 20 ஹேர்ட்ஸ் முதல் 20,000 ஹேர்ட்ஸ் வரையான மீடிறன்களையே உணரும். செவிக்கு எட்டும் உச்ச மீடிறனைப் போல் இரு மடங்குக்கு மேற்பட்ட தடவைகள் அளந்தால், அந்த எல்லைக்குள் உள்ள ஒலியலையை முழுமையாக மீளமைக்கலாம் என்பது கணிதத்தில் நிறுவப்பட்ட உண்மையாகும். டிஜிட்டல் ஒலி படிக்கட்டைப் போல் உடைந்து உடைந்து வருவதாக விளம்பரங்களில் வரையப்படும் படம் தவறானது. மாற்றியிலிருந்து வெளிவருவது வழுவழுப்பான தொடர் அலையே.

வெளி ஒலிமாற்றியின் உள்ளே இரு பகுதிகள் உள்ளன. ஒன்று எண்களை மின்னழுத்தமாக மாற்றும் சில்லு. மற்றையது அம்மின்னழுத்தத்துக்கு இயர்போனை இயக்கும் வலுவை வழங்கும் விரியலாக்கி. சிறிய மாற்றிகளில் இவ்விரண்டும் ஒரே சில்லில் அடங்கியிருக்கும். தேவையான மின்சாரத்தைத் தொலைபேசியின் மின்கலத்திலிருந்தே அவை பெற்றுக்கொள்ளும்.

ஒரே தோற்றமுடைய இரு இணைப்பிகள்

யூ.எஸ்.பி. ‘சி’ வகைத் துவாரத்துக்கான இணைப்பிகளை வாங்குவோர் முதலில் அறிந்திருக்க வேண்டிய விடயம் ஒன்றுண்டு. வெளித்தோற்றத்தில் ஒன்று போலவே காணப்படும் இவ்விணைப்பிகள் இரு வகையானவை. முதல் வகையில் வெறும் கம்பிகள் மாத்திரமே உள்ளன. தொலைபேசி தனது உள்மாற்றியின் ஒலியை மின்னேற்றும் துவாரத்தினூடாக வெளிவிடுமாயின் மாத்திரமே அது வேலை செய்யும். இரண்டாம் வகையில் மாற்றும் சில்லு இணைப்பிக்குள்ளேயே இருக்கும். அப்பிள், சாம்சங், கூகுள் ஆகியவற்றின் ‘சி’ வகைத் துவாரமுள்ள, இயர்போன் துவாரமற்ற தொலைபேசிகளுக்கு இரண்டாம் வகையே தேவை. முதல் வகையை வாங்கிச் சென்று, தொலைபேசி பழுதாகிவிட்டதென எண்ணித் திருத்துமிடத்துக்கு அலைவோரும் உளர். எனவே, சில்லு உள்ளதா எனக் கேட்டு, கடையிலேயே தமது தொலைபேசியில் செருகிப் பார்த்து வாங்குவதே புத்திசாலித்தனமாகும்.

ஐபோன் 15க்கு முந்திய மாதிரிகளில் துவாரம் வேறானது. 2023ஆம் ஆண்டிலேயே அப்பிள் ‘சி’ வகைக்கு மாறியது. பழைய ஐபோன்களை வைத்திருப்போர் அவற்றின் ‘லைட்னிங்’ துவாரத்துக்கு உரிய மாற்றியையே தெரிவு செய்தல் வேண்டும்.

அப்பிள் நிறுவனம் அமெரிக்காவில் 9 டொலருக்கு விற்பனைக்கு விட்ட மிகச் சிறிய ‘சி’ வகை இணைப்பியைச் சுயாதீனமாக அளவிட்டுப் பார்த்த பலர், அதன் இரைச்சலும் திரிபும் சாதாரணப் பாவனையில் மனிதச் செவி உணரும் எல்லைக்குக் கீழேயே உள்ளன எனக் கண்டுள்ளனர். ஆயினும், அதே இணைப்பி அன்ட்ரொய்ட் தொலைபேசிகள் பலவற்றில் குறைந்த சத்தத்துடனேயே இயங்குகின்றது. கருவியின் தரம் ஒன்றாயினும் தொலைபேசியுடனான அதன் பொருத்தம் வேறு என்பதற்கு இது நல்ல உதாரணமாகும்.

எண்களின் கவர்ச்சி

விலை கூடிய மாற்றிகளின் பெட்டிகளில் 24 பிட், 32 பிட், 192 கிலோஹேர்ட்ஸ், 384 கிலோஹேர்ட்ஸ் என்றெல்லாம் பெரிய எழுத்துக்களில் அச்சிடப்பட்டிருப்பதைக் காணலாம். இவ்வெண்கள் பொய்யானவையல்ல. ஆனால், அவற்றால் செவிக்கு விளையும் பயன் எவ்வளவு என்பதே கேள்வியாகும்.

2007ஆம் ஆண்டு ஒலிப் பொறியியல் சங்கத்தின் சஞ்சிகையில் பிராட் மேயர், டேவிட் மொரன் ஆகிய இருவரும் ஆய்வொன்றை வெளியிட்டனர். உயர் செறிவுப் பதிவுகளை ஒரு தடவை உள்ளபடியேயும், மறு தடவை இறுவட்டின் 16 பிட் தரத்துக்குக் குறைத்தும் ஒலிக்கச் செய்து, எது எதுவெனக் கூறுமாறு கேட்போர் வேண்டப்பட்டனர். 554 முயற்சிகளில் 276இல் மாத்திரமே விடை சரியாக அமைந்தது. நாணயத்தைச் சுண்டிப் பார்த்துச் சொல்லியிருந்தாலும் ஏறத்தாழ இதே விளைவே கிடைத்திருக்கும். 2016ஆம் ஆண்டு இலண்டன் குயீன் மேரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோஷுவா றீஸ், 18 பரிசோதனைகளின் 12,500க்கும் மேற்பட்ட முயற்சிகளை ஒன்று சேர்த்து ஆராய்ந்தபோது சரியான விடைகள் 52.3 சதவீதமாக இருந்தன. பயிற்சி பெற்ற செவிகளுக்குச் சற்றுக் கூடுதலான வேறுபாடு தெரிந்தது என்பதையும் நேர்மையாகக் கூற வேண்டும். எனினும், அது பெருந்தொகை செலவிடத் தக்க வேறுபாடா என்பதை வாசகர்களே தீர்மானிக்கலாம்.

பழைய பதிவுகளைப் பொறுத்தவரை இவ்வெண்கள் மேலும் பொருளிழக்கின்றன. 1956இல் மறைந்த நாதஸ்வரச் சக்கரவர்த்தி ரி.என்.இராஜரத்தினம்பிள்ளையின் வாசிப்பு, பக்கமொன்றில் மூன்று நிமிடங்களளவே கொள்ளும் 78 சுழற்சி இசைத்தட்டுகளிலும் பதியப்பட்டது. 1988இல் மறைந்த எகிப்திய காரி அப்துல் பாஸித் அப்துஸ் ஸமத் அவர்களின் ஓதல் பதிவுகளில் பலவும் ஒற்றைத் தடத்தில் செய்யப்பட்டவை. அக்கால ஒலிவாங்கியும் தட்டும் நாடாவும் பிடித்து வைத்ததையே இன்று நாம் கேட்கிறோம். சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும் என்பது போல, பதிவில் இல்லாத ஒன்றை எந்த மாற்றியும் கொண்டுவரப் போவதில்லை. அத்தகைய குரல்களின் மேன்மை எண்களில் தங்கியிருக்கவுமில்லை.

முதலில் கவனிக்க வேண்டியவை

ஒலித்தரத்தில் முதலிடம் பெறுவது மூலக்கோப்பு ஆகும். இறுவட்டின் ஒலிக்கு ஒரு செக்கனுக்கு 1,411 கிலோபிட் தரவு தேவை. 128 கிலோபிட் எம்.பி.3 கோப்பில் அதன் பதினொன்றில் ஒரு பங்கே எஞ்சியுள்ளது. எஞ்சிய பகுதியைக் கொண்டு செவியைத் திருப்திப்படுத்தும் நுட்பம் வியக்கத்தக்கதாயினும், தாளத்தின் கூர்மையிலும் தம்புராவின் நாதத்திலும் இழப்பை உணர முடியும். அக்கோப்பைப் பின்னர் ‘ஃப்ளக்’ போன்ற இழப்பற்ற வடிவத்துக்கு மாற்றினால் அளவு பெருக்குமேயன்றி இழந்தது மீளாது. பாடல்களை இணையத்தில் வழங்கும் செயலிகள் பலவற்றில் தரத்தைத் தெரிவு செய்யும் வசதி உண்டு. அப்பிள் மியூசிக் 2021ஆம் ஆண்டிலும் ஸ்பொட்டிஃபை 2025ஆம் ஆண்டிலும் இழப்பற்ற ஒலியை வழங்கத் தொடங்கின. ஐந்து நிமிடப் பாடலொன்று 128 கிலோபிட்டில் 5 மெகாபைற்றுக்கும் குறைவாகவும், இழப்பற்ற வடிவில் 30 மெகாபைற் அளவிலும் இருக்கும் என்பதால், வைஃபை இணைப்புள்ள இடத்தில் தரவிறக்கி வைத்துக் கேட்பது சிக்கனமாகும்.

இரண்டாவது இயர்போன் அல்லது ஹெட்போன் ஆகும். இரு நல்ல மாற்றிகளுக்கிடையிலான வேறுபாடு டெசிபலின் மிகச் சிறு பகுதியே. இரு இயர்போன்களுக்கிடையிலான வேறுபாடோ பல டெசிபல்கள். காதுக்குள் செருகும் இயர்போனின் இறப்பர் முனை செவித்துவாரத்துடன் இறுகப் பொருந்தாவிடில் மிருதங்கத்தின் தொப்பி ஒலி ஏறக்குறைய முற்றாக மறைந்துவிடும். பெட்டியில் வரும் மூன்று அளவு முனைகளையும் மாற்றிப் பார்ப்பதற்கு ஒரு சதமேனும் செலவில்லை. ஆயிரக்கணக்கான ரூபா பெறுமதியான மாற்றியை விட அது கூடுதலான பலன் தரக்கூடும்.

மூன்றாவது, கம்பியற்ற புளூடூத் கருவிகளைப் பயன்படுத்துவோர் அறிந்திருக்க வேண்டியதாகும். அவ்வகை இயர்போன்களில் மாற்றியும் விரியலாக்கியும் இயர்போனுக்குள்ளேயே அமைந்துள்ளன. தொலைபேசி தரவைச் சுருக்கி அனுப்புவதுடன் தனது கடமையை முடித்துக்கொள்கின்றது. ஆகவே, கம்பியற்ற இயர்போனை மாத்திரமே பாவிப்போருக்குத் தொலைபேசியில் செருகும் வெளி மாற்றியால் யாதொரு பயனுமில்லை. சொனி நிறுவனத்தின் ‘எல்டக்’ முறை ஒரு செக்கனுக்கு 990 கிலோபிட் வரை அனுப்ப வல்லது. 2017இல் வெளியான அன்ட்ரொய்ட் 8 முதல் அது கிடைக்கின்றது, ஐபோன்களில் இல்லை.

அவ்வாறாயின் யாருக்கு மாற்றி தேவை?

இயர்போன் துவாரமற்ற தொலைபேசியில் கம்பியுள்ள இயர்போனைப் பயன்படுத்த விரும்புவோருக்கு மாற்றி தவிர்க்க முடியாதது. துவாரம் இருந்தும் அதில் இரைச்சலோ கொரகொரப்போ கேட்குமாயினும் அது உதவும். தொலைபேசிக்குள் நெருக்கமாக அமைந்த வானலைச் சுற்றுகளின் குறுக்கீடு வெளியில் உள்ள மாற்றியைக் குறைவாகவே பாதிக்கும்.

அடுத்ததாக, இயக்குவதற்குக் கடினமான பெரிய ஹெட்போன்களை வைத்திருப்போர். சாதாரண இயர்போன்களின் தடங்கல் 16 முதல் 32 ஓம் வரையே. ஒலிப்பதிவுக் கூடங்களில் காணப்படும் ஹெட்போன்கள் சிலவற்றின் தடங்கல் 250 அல்லது 300 ஓம் ஆகும். அவற்றுக்குக் கூடுதல் வோல்ற்றளவு தேவை. சிறிய இணைப்பிகள் உச்ச அளவில் ஒரு வோல்ற்றையோ அதற்குக் குறைவாகவோ வழங்க, சற்றுப் பெரிய மாற்றிகள் இரண்டு வோல்ற்றும் அதற்கு மேலும் வழங்குகின்றன. இங்குதான் கூடுதல் விலைக்கு நியாயமான காரணம் உண்டு.

வாங்கும்போது மாற்றியின் வெளியீட்டுத் தடங்கல் ஓரிரு ஓமுக்கு மேற்படாதிருப்பதைக் கவனிப்பது நன்று. அது கூடினால் சில இயர்போன்களின் ஒலிச்சாயல் மாறிவிடும். மிக நுண்ணுணர்வுடைய இயர்போன்களுக்கு வலுமிக்க மாற்றியைப் பொருத்தினால் பின்னணியில் ‘உஸ்’ என்ற இரைச்சல் எழலாம். பெரும்பாலான அன்ட்ரொய்ட் தொலைபேசிகள் எல்லா ஒலியையும் 48 கிலோஹேர்ட்ஸுக்கு மாற்றியே வெளிவிடுகின்றன எனச் சிலர் குறைப்படுவர். 2023இல் வந்த அன்ட்ரொய்ட் 14 இதனைத் தவிர்க்க வழி அமைத்துள்ளது. தனிச் செயலிகளும் உண்டு. எனினும், சாதாரணமாகக் கேட்போர் இதற்காகக் கவலைப்படத் தேவையில்லை.

கேள்விப்பட்டதை நம்பாமல் தாமே பரீட்சித்துப் பார்க்க விரும்புவோருக்கு எளிய வழி உண்டு. இரு கருவிகளினதும் சத்தத்தை இயன்றவரை சமப்படுத்தி, கண்ணை மூடிக்கொண்டு, வேறொருவரை மாற்றி மாற்றி இணைக்கச் செய்து பத்துத் தடவைகள் கேட்டுப் பார்க்கலாம். ஒன்பது தடவைகளேனும் சரியாகச் சொல்ல முடிந்தால் வேறுபாடு உண்மையானது எனக் கொள்ளலாம். ஐந்தோ ஆறோ சரியாயின் அது வெறும் ஊகமே. சத்தத்தைச் சமப்படுத்துவது முக்கியமாகும். சற்று உரத்து ஒலிப்பது எப்போதும் சிறந்ததாகவே தோன்றும்; விற்பனையாளர்கள் இதனை நன்கறிவர்.

செவியையும் காத்துக்கொள்வோம்

வலுமிக்க மாற்றி செவிக்கு ஆபத்தாகவும் அமையலாம். 80 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணித்தியாலங்கள் வரை கேட்பது வளர்ந்தோருக்குப் பாதுகாப்பானது என உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. 90 டெசிபலில் அக்கால எல்லை வாரத்துக்கு 4 மணித்தியாலங்களாகச் சுருங்கிவிடுகின்றது. வெளி மாற்றியில் பொருத்திய ஹெட்போன் எவ்வளவு உரத்து ஒலிக்கின்றது என்பதைத் தொலைபேசியின் எச்சரிக்கை வசதி சரிவர அறியாது. ஆகவே, ஒலியளவைக் குறைத்து வைத்தே முதலில் இணைக்க வேண்டும். பேருந்தின் இரைச்சலை வெல்வதற்காகச் சத்தத்தைக் கூட்டுவதை விட, காதுக்குள் நன்கு பொருந்தும் இயர்போனைத் தெரிவு செய்வதே சிறந்தது. சேதமடைந்த உட்செவிக் கலங்கள் மீள வளர்வதில்லை. கேட்கும் செவியை இழந்த பின்னர் ஒலித்தரம் பற்றிப் பேசிப் பயனில்லை.

மறுதிசையில் ஒரு பயன்

எண்களை ஒலியாக்கும் மாற்றிக்கு எதிர்த்திசையில், ஒலியை எண்களாக்கும் மாற்றியும் உண்டு. எமது சமூகங்களைப் பொறுத்தவரை அதுவே அவசரமானது என்று கூறத் தோன்றுகின்றது. 1980களிலும் 90களிலும் மத்திய கிழக்குக்குத் தொழில் தேடிச் சென்றோரும், போரினால் புலம்பெயர்ந்தோரும் கடிதத்துக்குப் பதிலாகத் தமது குரலை ஒலிநாடாவில் பதிந்து வீட்டுக்கு அனுப்பினர். கல்யாண வீட்டு நாதஸ்வரமும், பாட்டனாரின் ஓதலும், பள்ளி நாடகமும் அவ்வாறே நாடாக்களில் தங்கின. இடப்பெயர்வுகளிலும் 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையிலும் தப்பி எஞ்சியவை இன்று அலுமாரிகளில் பூஞ்சணம் பிடித்துக் கிடக்கின்றன. அவற்றை இயக்கும் கருவிகளும் அருகி வருகின்றன.

ஒலிபெருக்கியின் முன் தொலைபேசியைப் பிடித்து வட்ஸ்அப் குரற்பதிவாக எடுப்பது இவற்றைக் காப்பாற்றும் வழியாகாது. பேச்சுக்கென இறுகச் சுருக்கப்படும் அப்பதிவில் அறையின் எதிரொலியும் மின்விசிறியின் ஓசையும் சேர்ந்துவிடும். இரு தட உள்ளீடுள்ள யூ.எஸ்.பி. ஒலி இடைமுகம் ஒன்றை வாங்கி, நாடாக் கருவியின் வெளியீட்டைக் கேபிள் மூலம் அதற்கும், அதனைத் தொலைபேசிக்கோ கணினிக்கோ இணைத்துப் பதிய வேண்டும். சாதாரண இயர்போன் இணைப்பியின் உள்ளீடு ஒற்றைத் தட ஒலிவாங்கிக்கு உரியது என்பதால் அது போதாது. பதியும் முன் நாடாக் கருவியின் தலையை மதுசாரம் தோய்த்த பஞ்சினால் துடைத்து, நாடாவை ஒரு தடவை முற்றாக ஓடவிட்டுத் திரும்பச் சுற்ற வேண்டும். பதிவின் உச்ச அளவு பூச்சியத்தைத் தொடாமல் ஆறு டெசிபல் அளவு கீழே நிற்க வேண்டும். 16 பிட், 44.1 கிலோஹேர்ட்ஸ் தரம் ஒலிநாடாவுக்குத் தாராளமாகப் போதும். ஒரு மணித்தியால நாடா சுருக்கப்படாத வடிவில் 635 மெகாபைற் இடத்தைப் பிடிக்கும். அந்த மூலப்பிரதியை மாற்றாமல் இரு வேறு இடங்களில் வைத்து, உறவினருக்கு அனுப்புவதற்குச் சிறிய பிரதியொன்றைத் தனியே தயாரித்துக்கொள்ளலாம்.

தொலைபேசியில் சிறந்த ஒலியைப் பெற விரும்புவோர் நல்ல மூலக்கோப்பை முதலிலும், பொருத்தமான இயர்போனை இரண்டாவதாகவும், அவற்றுக்கேற்ற எளிய மாற்றியை மூன்றாவதாகவும் தேடுவார்களாயின், குறைந்த செலவில் நிறைந்த பலனைப் பெறலாம். எஞ்சும் பணத்தில் ஒரு பகுதியை அலுமாரியில் உள்ள நாடாக்களுக்காகச் செலவிடுவது பொருத்தமானது. புதிய பாடலை நாளையும் தரவிறக்கலாம். நாடாவில் உள்ள தாயின் குரலுக்கு வேறு பிரதி கிடையாது.